500 லிட்டர் தொட்டியில் மீனும் கீரையும்: மொட்டை மாடியில் தொடங்கலாமா?

குரோம்பேட்டை_மாடி:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீடு தரைத்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. மொட்டை மாடியில் வளர்ப்புப் பைகளில் கீரை, கத்தரி, மிளகாய் வைத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் காலையில் ஊற்றும் தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. லாரித் தண்ணீர் வாங்கிக் கீரை வளர்க்க மனசு வரவில்லை. ஒரே தண்ணீரை மீனுக்கும் செடிக்கும் மாறி மாறிச் சுற்றவிடும் அக்வாபோனிக்ஸ் முறையில் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் செலவாகும் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஆசை வந்துவிட்டது.

பழைய 500 லிட்டர் கறுப்பு சின்டெக்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் மீன் விட்டு, பக்கத்தில் ஜல்லி நிரப்பிய இரண்டு படுகைகளில் செடி வைக்கலாம் என்று நினைக்கிறேன். விற்கும் எண்ணம் கிடையாது. நானும் தங்கையும் மீன் சாப்பிடுவோம், அம்மா சைவம்.

எத்தனை மீன் விடலாம்? என்ன மீன்? கரண்ட் போனால் என்ன ஆகும்? ஒருவர் மொத்தமாக அமைத்துத் தருகிறேன், மறு மாதமே கீரை அறுக்கலாம், பராமரிப்பே கிடையாது என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கோவை_நீர்த்தோட்டம்:

வாங்க. முதலில், மொத்தமாக அமைத்துத் தருபவருக்குக் காசு கொடுக்காதீர்கள். வீட்டளவில் நீங்களே கட்டிக்கொள்வதுதான் நல்லது. நாளைக்கு ஒரு குழாய் அடைத்தால் எங்கே கை வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை மீன் என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் போடப்போகிறீர்கள் என்று ஆரம்பியுங்கள். இந்த அமைப்புக்குள் சத்து நுழையும் வாசல் அது ஒன்றுதான். தீவனம் மீனுக்குள் போய், அமோனியாவாக வெளியே வந்து, பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றி, கடைசியில் செடிக்குப் போகிறது. தீவனம் அதிகமானால் தண்ணீர் கெட்டு மீன் சாகும். குறைந்தால் செடி வெளிறும்.

கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம். தக்காளி, கத்தரி, மிளகாய் போல் காய்ப்பவற்றுக்கு 50 முதல் 80 கிராம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சிறிய அமைப்புகளுக்குச் சொல்லும் கணக்கு இது. மீன் எடையைப் பொறுத்தவரை 1,000 லிட்டருக்கு 20 கிலோதான் உச்சம் என்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர் அதில் பாதியோடு நின்றுகொள்வது நல்லது. அப்படியானால் உங்கள் 500 லிட்டருக்கு 5 கிலோ மீன். வளர்ந்த மீன் தன் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் சாப்பிடும். அதாவது 100 கிராம். 100 கிராம் தீவனத்துக்கு 2 சதுர மீட்டர் கீரை தாராளமாக வரும்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. 5 கிலோ என்பது அறுவடைக் காலத்துக் கணக்கு. பத்து கிராம் குஞ்சாகப் பத்து விட்டால் மொத்த எடையே 100 கிராம்தான். குஞ்சு எடைக்கு அதிகமாகச் சாப்பிடும், 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 5 கிராம் வருகிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு முழம் படுகைகூட ஒழுங்காக வளராது. முதல் மாதமே 2 சதுர மீட்டரிலும் விதையைத் தூவினால் எல்லாம் மஞ்சளாக நிற்கும். மீன் பெருக்கப் பெருக்கப் படுகையைக் கூட்டுங்கள்.


கம்பி_கலவை:

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். எத்தனை மீன் என்பதற்கு முன்னால் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். மொட்டை மாடியிலா?

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. மாடி முழுக்க அரை அடி தண்ணீர் நின்றால் வரும் எடை அது, அவ்வளவுதான். உங்கள் 500 லிட்டர் தொட்டியின் அடி விட்டம் 90 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்தால் அடிப்பரப்பு 0.64 சதுர மீட்டர். நிரம்பிய தொட்டி அந்த இடத்தில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 780 கிலோ அழுத்தும். ஒரு அடி ஆழ ஜல்லிப் படுகை தண்ணீரோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 600 கிலோ. மேலே ஓவர்ஹெட் டேங்க் இருக்கிறதே, அது தாங்கவில்லையா என்று கேட்பீர்கள். அந்த டேங்க் பெரும்பாலும் தூண் மேலோ படிக்கட்டு அறைச் சுவர் மேலோ உட்கார்ந்திருக்கும். நடு சிலாபில் யாரும் வைப்பதில்லை.

உடனே இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பாதுகாப்புக்கென்று கூடுதல் பலம் வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் இது வருஷக்கணக்கில் இரவும் பகலும் நிற்கும் சுமை. சிலாப் மெல்லத் தொய்யும், விரிசல் விடும், அதில் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். தரையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொட்டியைத் தூண்கள் வரும் மூலையில் வையுங்கள், அதுவும் வீட்டு வரைபடத்தோடு ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டிய பிறகு. படுகைக்கு ஜல்லி வேண்டாம், குழாய் முறை போதும். பி.வி.சி. குழாயில் துளை போட்டு மெல்லிய நீரோட்டம் விடுவது, எடை மிகக் குறைவு.


குரோம்பேட்டை_மாடி:

ரொம்ப நன்றி அண்ணா. இந்த எடைக் கணக்கை அந்த விற்பனையாளர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. வீட்டின் பின்பக்கம் கிணற்றடி இருந்த இடத்தில் சிமென்ட் தரை இருக்கிறது. காலை 8 மணியிலிருந்து மதியம் 2 மணிவரை நல்ல வெயில், அப்புறம் நிழல். தொட்டியையும் படுகையையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன். தரையில் என்றால் ஜல்லிப் படுகை சரிதானே?


கோவை_நீர்த்தோட்டம்:

தாராளமாக. ஆறு மணி நேர வெயில் கீரைக்குப் போதும். பிற்பகல் நிழல் மீனுக்கு நல்லது. கறுப்புத் தொட்டி வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீரைச் சூடாக்கும், சூடேறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள், பாசியும் கட்டுப்படும்.

ஜல்லி முக்கால் இஞ்சு அல்லது அரை இஞ்சு கருங்கல்லாக இருக்கட்டும். வாங்குவதற்கு முன் நாலு கல்லைக் கழுவி வினிகரில் போடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், வேண்டாம். ஜல்லியைக் கலங்கல் நிற்கும்வரை கழுவுங்கள், இந்த வேலை அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் விடாதீர்கள். படுகை ஆழம் ஒரு அடி. தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு கீழேயே நிற்க வேண்டும். மேலே காய்ந்த ஜல்லி இருந்தால் பாசி பிடிக்காது, கொசு முட்டையிட இடம் கிடைக்காது. டெங்கு ஆய்வுக்கு வரும் மாநகராட்சி ஊழியர்களிடமும் தைரியமாகக் காட்டலாம்.

தண்ணீர் ஏறி இறங்கப் பெல் சைஃபன் வைக்கலாம், படுகை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக உறிஞ்சி வடிக்கும் குழாய் அமைப்பு அது. எனக்கு டைமர் பிடிக்கும். மணிக்கு 15 நிமிடம் மோட்டார், 45 நிமிடம் ஓய்வு. தண்ணீர் வடியும்போது காற்று வேருக்குள் இறங்கும். சைஃபன் அழகான ஏற்பாடு, ஆனால் ஒரு வேர் உள்ளே நுழைந்தால் நின்றுவிடும்.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது தண்ணீரை மேலே ஏற்றாமலே எடுத்த அளவு. பக்கத்தில் அதிகபட்ச உயரம் 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் தண்ணீர் சொட்டுக்கூட விழாது என்று அர்த்தம். உங்கள் படுகையின் வாய்க்கு எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் மணிக்கு 500 லிட்டராவது ஏற்றும் மோட்டார் வேண்டும். டைமர் போட்டால் அதைவிடப் பெரிதாக.


வேதியியல்_வாத்தியார்:

மீனை உடனே விட்டுவிடாதீர்கள் தம்பி. அமோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவும் முதலில் ஜல்லியில் குடியேற வேண்டும். நம் வெப்பநிலையில் இதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீனே இல்லாமல் இதைச் செய்யலாம். மீனை வைத்துச் செய்தால் அது அந்த வாரங்கள் முழுக்க விஷத்தில் நீந்தும், அந்தக் கொடுமை தேவையில்லை.

வழி எளிது. நவச்சாரம் தெரியுமல்லவா, பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படுத்துவது? அது அம்மோனியம் குளோரைடுதான். சுத்தமானதாக ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்கினால் நல்லது. அதன் எடையில் 26 சதவீதம் நைட்ரஜன். 500 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வர ஏறக்குறைய 4 கிராம் போதும். போட்டு மோட்டாரை ஓட்டுங்கள். வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நான்கையும் பாருங்கள். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். நீங்கள் போடும் 4 கிராமிலிருந்து வரும் அமோனியா ஒரே நாளில் மாறித் தீர்ந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இந்த பாக்டீரியாவும் சாகும். ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றுக் குமிழி விட்ட பிறகே ஊற்றுங்கள்.

பி.எச். விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அமோனியா எல்லாமே ஒரே மாதிரி விஷம் இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷ வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே தண்ணீர் பி.எச். 8க்குப் போனால் ஏழரை சதவீதம். சோதனைக் குழாயில் ஒரே நிறம்தான் தெரியும், மீனுக்கோ கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். செடிக்கு 6க்குப் பக்கம் பிடிக்கும், பாக்டீரியாவுக்கு 7க்கு மேல் பிடிக்கும். 6.8 முதல் 7 வரை என்று வைத்துக்கொண்டால் மூவருக்கும் ஒத்துப்போகும்.

தொட்டி நன்றாக ஓட ஆரம்பித்தால் பி.எச். தானாக இறங்கிக்கொண்டே வரும், ஏனென்றால் அமோனியா மாறும்போது அமிலம் உண்டாகிறது. 6.5க்குக் கீழே போக விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அடுத்த தடவை பொட்டாசியம் பைகார்பனேட். மாற்றி மாற்றிப் போட்டால் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் சேர்ந்தே கிடைக்கும், இரண்டுமே மீன் தீவனத்தில் செடிக்குத் தேவையான அளவு இருப்பதில்லை.


யாழ்_கிணத்தடி:

வாத்தியார் ஐயா சொன்ன பி.எச். இறங்கிற பிரச்சினை எங்கட பக்கம் தலைகீழ். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம். கிணத்துத் தண்ணியே கடினத் தண்ணி. எவ்வளவு காலம் ஓடினாலும் பி.எச். இறங்காமல் 7.5, 8 என்றே நிக்கும். நான் மாரிக்காலத்தில் கூரையில விழுகிற மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சு, கிணத்துத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்துதான் தொட்டியை நிரப்பிறது.

இன்னொண்டும் சொல்லவேணும். எங்கட கிணறுகள் சிலதில தோட்டத்து உரம் இறங்கி நைட்ரேட் ஏற்கெனவே கூடுதலா இருக்கு. தண்ணியை ஊத்தின முதல் நாளே சோதிச்சுப் பாருங்கோ. இல்லாட்டி பெட்டியில நைட்ரேட் நிறம் தெரிஞ்ச உடனே பாக்டீரியா வந்திட்டுது என்று நினைச்சு மீனை விட்டிடுவீங்கள்.

குரோம்பேட்டை போர் தண்ணி எப்படி?


குரோம்பேட்டை_மாடி:

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. மழைநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். பி.எச். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எல்லாரும் திலேப்பியா என்கிறார்கள்.


கொளத்தூர்_மீன்கடை:

சகோ, நான் வண்ண மீன் வியாபாரம். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

திலேப்பியா, நம்ம ஊர் ஜிலேபி மீன், அருமையான மீன்தான். எதையும் தாங்கும், எதையும் தின்னும். அந்தக் குணம்தான் ஆபத்தும். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள், இப்போது அமராவதி அணை மாதிரி இடங்களில் அதுதான் ராஜா. தொட்டியில் ஆணும் பெண்ணும் இருந்தால் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும், எதுவும் கை அகலத்துக்கு வளராது. கிஃப்ட் என்ற மேம்படுத்திய இனத் திலேப்பியாவை, ஆண் மீன் மட்டுமாக, வளர்க்க அரசு அனுமதி முறை இருக்கிறது, அங்கீகாரம் உள்ள குஞ்சுப் பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும். உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே இறங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். 2000இலேயே தடை செய்தாயிற்று.

அம்மா சைவம் என்றீர்கள். கோய் கெண்டை இல்லாவிட்டால் தங்கமீன் விடலாமே? இரண்டும் நன்றாகத் தின்று நன்றாகக் கழியும், செடிக்கு வேண்டியது அதுதானே. அறுவடை கிடையாது என்பதால் மீன் எடை திடீரென்று குறையாது. வருஷம் முழுக்க ஒரே அளவு தீவனம், ஒரே அளவு கீரை. குஞ்சாக வாங்காமல் கொஞ்சம் வளர்ந்ததாக வாங்கினால், கோவை அண்ணன் சொன்ன முதல் மாத மஞ்சள் பிரச்சினையும் இருக்காது.


தேனி_பண்ணை:

சாப்பிடும் மீன்தான் வேண்டும் என்றால் நாட்டு மீன் இருக்கும்போது ஜிலேபி எதற்கு? விரால், பனையேறிக் கெண்டை இரண்டும் காற்றை நேராகச் சுவாசிக்கும். கரண்ட் போனாலும் மூச்சுத் திணறாது. விராலுக்குச் சின்ன வயசிலேயே மிதவைத் தீவனம் தின்னப் பழக்கியிருக்க வேண்டும், வாங்கும்போது கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அளவு பிரித்து விடாவிட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும். தொட்டிக்கு மேல் இறுக்கமான வலை வேண்டும், இரண்டுமே தாவி வெளியே போகும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இவ்வளவு குழாய், டைமர், சைஃபன், சோதனைப் பெட்டி எல்லாம் உங்களுக்கு வேண்டுமா? எங்கள் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டியில் கெண்டை விட்டிருக்கிறோம். வாரம் ஒரு தடவை அடித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் கத்தரிக்கும் முருங்கைக்கும் பாய்ச்சிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறோம். அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையை மண்ணே பார்த்துக்கொள்கிறது. செடி செத்தால் மீனுக்குப் பாதிப்பு இல்லை, மீனுக்கு உப்பு மருந்து போட்டால் செடிக்குப் பாதிப்பு இல்லை. இரண்டையும் ஒரே தண்ணீரில் கட்டிப்போட்டால் ஒன்றுக்கு வந்த நோய் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.


கீரைக்காரி:

தேனி அண்ணா சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். கத்தரி, மிளகாய், முருங்கை எல்லாம் மண்ணில்தான் ருசியாக, நிறையக் காய்க்கிறது. ஆனால் கீரைக்கு நான் ஜல்லிப் படுகையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவர் பிரச்சினையே தண்ணீர்தான். வாரத்துக்கு 500இல் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 100 லிட்டர், மாதம் 400 லிட்டருக்கு மேல். கூடவே பைகளில் வழக்கமான ஆவியாதலும் இருக்கிறது. சுற்றும் அமைப்பில் நாளொன்றுக்கு மொத்தத் தண்ணீரில் ஒன்றரை, இரண்டு சதவீதம் ஊற்றினால் சரியாகிவிடும். அதாவது 10 லிட்டருக்குள், நிழல்வலை இருந்தால் இன்னும் குறையும். லாரிக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

வைக்க வேண்டியவை: வள்ளல்கீரை முதலில், அதற்கு ஈடு இல்லை, கிள்ளக் கிள்ளத் தழையும். புதினாத் தண்டைச் சொருகினாலே போதும், ஆனால் அதன் வேர் பரவி வடிகுழாயை அடைக்கும், ஒரு மூலையில் தனிக் கூடையில் வையுங்கள். பாலக், பொன்னாங்கண்ணி, வல்லாரை, துளசி எல்லாம் நன்றாக வரும். கொத்தமல்லி கோடையில் கோபித்துக்கொள்ளும், கார்த்திகைக்கு மேல் போடுங்கள். படுகையில் ஒரு கைப்பிடி மண்புழு விடுங்கள், ஜல்லிக்குள் தங்கும் மீன் கழிவைத் தின்று சத்தாக்கும்.

பூச்சிக்கு மருந்தே கூடாது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு ஆகாது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், அசுவினி வந்த நுனியைக் கிள்ளி வெளியே எறியுங்கள். மாட்டுச் சாணம், கோழி எரு எதையும் "கொஞ்சம் சத்துக்கு" என்று போட்டுவிட வேண்டாம், பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு அந்தத் தண்ணீர் படும். புறா எச்சம் விழாமலும் வலை காக்கும்.


தேனி_பண்ணை:

தண்ணீர்க் கணக்கு சரிதான் அம்மா. எங்களுக்குக் கிணறு இருக்கிறது, அதனால் அது எனக்கு உறைக்கவில்லை. சென்னையில் இருப்பவருக்கு நீங்கள் சொல்வதே பொருந்தும். ஆனாலும் தம்பி, பழைய பைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படுகையில் கீரை, பைகளில் காய். தொட்டி அடியில் சேரும் கசடை எடுத்துப் பைகளுக்கு ஊற்றுங்கள், கத்தரி அதைக் குடித்துவிட்டு எப்படி நிற்கிறது பாருங்கள்.


குரோம்பேட்டை_மாடி:

அது நல்ல யோசனை. கரண்ட் செலவு எவ்வளவு வரும்? வெட்டு வந்தால்?


கோவை_நீர்த்தோட்டம்:

மோட்டார் 20 வாட், காற்றுப் பம்பு 10 வாட் என்றால் இரண்டும் முழு நேரம் ஓடினாலும் நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள். இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் வரும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் உங்கள் வீட்டுப் பயன்பாடு அதைத் தாண்டித்தான் இருக்கும், ஆகவே மேலே உள்ள விகிதத்தில் கணக்குப் போடுங்கள். டைமர் போட்டால் மோட்டார் பங்கு காலாக இறங்கும். காற்றுப் பம்பை மட்டும் எந்த நேரமும் நிறுத்தக் கூடாது.

வெட்டு வந்தால் செடி சாகாது, ஈர ஜல்லியில் அது பாட்டுக்கு நிற்கும். கெண்டையும் தங்கமீனும்தான் கவலை. வெக்கையான இரவில் சில மணி நேரத்திலேயே மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரில் காற்றுப் பம்புக்கு ஒரு பிளக் இழுத்துவிடுங்கள், அதற்கு 10 வாட் ஒன்றுமே இல்லை. இன்வெர்ட்டர் இல்லையென்றால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு கிடைக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே தீவனத்தை நிறுத்துங்கள், வயிறு காலியாக இருக்கும் மீனுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு.


குரோம்பேட்டை_மாடி:

எல்லாருக்கும் நன்றி. கட்டி முடித்து, நவச்சாரம் போட்டு ஓட்டி, வாத்தியார் ஐயா சொன்னபடி அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்த பிறகு கோய் கெண்டை விட்டோம், எல்லாம் ஒரு சாண் நீளம். அம்மாவுக்கு இப்போது காலைக் காபி தொட்டிப் பக்கத்தில்தான். வள்ளல்கீரை பிரமாதமாக வருகிறது. பி.எச். 7.2.

ஒரு சந்தேகம். பாலக்கீரையின் புது இலைகள் மட்டும் வெளிறி மஞ்சளாக வருகின்றன. நரம்பு மட்டும் பச்சையாக, கோடு போட்ட மாதிரி தெரிகிறது. கீழே உள்ள பழைய இலைகள் நல்ல பச்சை. நைட்ரேட் அளவு நன்றாகவே இருக்கிறது. தீவனத்தைக் கூட்ட வேண்டுமா?


வேதியியல்_வாத்தியார்:

தீவனத்தைக் கூட்டாதீர்கள். தழைச்சத்துக் குறைவு என்றால் முதலில் பழைய இலை மஞ்சளாகும், ஏனென்றால் செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்து. இரும்பைச் செடியால் அப்படி இடம் மாற்ற முடியாது. தீவனத்தில் இரும்பு போதாது, இது இந்த முறையில் எல்லாருக்கும் வருவதுதான்.


கோவை_நீர்த்தோட்டம்:

உரக்கடையில் இரும்புச் செலேட் கேளுங்கள், இரும்பு படிந்துவிடாமல் கரைந்தே இருக்கும்படி பிடித்து வைக்கும் வகை உரம் அது. துரு ஆணி, அன்னபேதி (இரும்பு சல்பேட்) எல்லாம் வேண்டாம், கரைந்த வேகத்தில் படிந்துவிடும். செலேட்டில் மூன்று வகை கிடைக்கும். இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5க்கு மேல் நிலைக்காது. டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும். உங்கள் 7.2க்கு அது போதும். அளவு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. பொட்டலத்தில் இரும்பு 11 சதவீதம் என்று இருந்தால் 500 லிட்டருக்கு 9 கிராம். வாளியில் கரைத்து மாலையில் ஊற்றுங்கள்.


யாழ்_கிணத்தடி:

எங்களைப் போல 8இல நிக்கிற ஆக்களுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகைதான் சரி. அதில இரும்பு 6 சதவீதம், ஆகவே 500 லிட்டருக்கு 17 கிராம் போல வரும். அதை ஊத்தினால் தொட்டித் தண்ணி முழுக்கச் சிவப்பாப் போகும், பயப்படவேண்டாம். மீனுக்கு ஒண்டும் செய்யாது, நாள் போகப் போகத் தெளியும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அதுக்குப் பிறகு வாற குருத்தைத்தான் பார்க்கவேணும்.


குரோம்பேட்டை_மாடி:

போட்டேன். அடுத்து வந்த குருத்து கரும்பச்சையாக வந்திருக்கிறது, மிக்க நன்றி ஐயா, அண்ணா.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம், நாலைந்து நாள் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு மாமா தீவனம் போடுகிறேன் என்கிறார். தினமும் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டுமா?


கொளத்தூர்_மீன்கடை:

வேண்டவே வேண்டாம் சகோ. வளர்ந்த கோய் நாலைந்து நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, ஜல்லியில் தங்கியிருக்கும் சத்தை வைத்துக் கீரையும் ஓட்டிக்கொள்ளும். அன்பில் ஒரு பிடி அதிகமாகப் போட்டுவிட்டால்தான் நீங்கள் திரும்பி வரும்போது தண்ணீர் கலங்கியிருக்கும். தீவன டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள். மாமாவிடம் காலையும் மாலையும் காற்றுக் குமிழி வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி, இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கே என்று காட்டிவிட்டுப் போங்கள்.